24 கிரவுண்டுக்கு ஒரு கூரை... ஃபுட்பால் டீமுக்கு இன்டோர் மைதானம் உண்மையிலேயே தேவையா?

மழை வந்தா மேட்ச் நிற்காது. பனி கொட்டினாலும் நிற்காது. அமெரிக்கன் ஃபுட்பாலில் மின்னல் மாதிரி உயிருக்கே ஆபத்தான விஷயம் வந்தால்தான் ஆட்டத்தை நிறுத்துவார்கள். மேட்ச்சையே வெட்டவெளியில் ஆடும்போது, பயிற்சிக்கு மட்டும் எதற்குக் கூரை? அமெரிக்காவில் என்.எஃப்.எல் அணி ஒன்று புது இன்டோர் மைதானம் கட்டும்போதெல்லாம் இந்தக் கேள்வி கிளம்பும்.

முதலில் ஒரு விஷயம். இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். மொத்தம் 32 அணிகள். சீசன் செப்டம்பரில் தொடங்கி, கடும் குளிர்காலத்தைத் தாண்டி பிப்ரவரியில் சூப்பர் பவுலோடு முடியும். அதாவது, எந்த மாதங்களில் வடக்கு அமெரிக்கா உறைந்துகிடக்குமோ, அந்த மாதங்களில்தான் முக்கியமான மேட்ச்கள் எல்லாம்.

இன்டோர் இல்லாமலே ஃபைனல் வரை போன டீம்

கூரை தேவையில்லை என்பவர்கள் கையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் மோதியவை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் சின்சினாட்டி பெங்கால்ஸும். ராம்ஸ் 23-20 என்று ஜெயித்தது. தவுசண்ட் ஓக்ஸ் ஊரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், தற்காலிகக் கட்டிடங்களில்தான் ராம்ஸ் அப்போது பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. தெற்கு கலிஃபோர்னியாவில் மழையே அபூர்வம் என்பதால் அவர்களுக்கு அது பெரிய குறையாகவும் தெரியவில்லை.

பெங்கால்ஸ் கதை வேறு. சின்சினாட்டியில் ஜனவரி என்றால் குளிர் எலும்பைக் குத்தும். ஆனாலும் அந்த அணிக்குச் சொந்தமாக இன்டோர் மைதானம் கிடையாது. வானிலை ரொம்ப மோசமானால் பஸ் ஏறி, சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இருக்கும் காற்றடைத்த கூடாரத்துக்குப் போவார்கள். அப்படிப் போய்வந்த டீம்தான் சூப்பர் பவுல் ஆடியது.

இன்டோர் இல்லாமலே ஜெயிக்கலாம் என்றுதானே இதற்கு அர்த்தம்? அப்படியும் சொல்லலாம். ஆனா அதே பெங்கால்ஸ், அதே 2022-லேயே தன் ஸ்டேடியம் பக்கத்தில் ஒரு இன்டோர் மைதானம் போட்டுவிட்டது. பல வருஷம் இல்லாமல் சமாளித்த டீமே அந்தப் பஸ் பயணம் போதும் என்று முடிவெடுத்ததை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

செலவு எங்கே போகிறது?

ஒரு ஃபுட்பால் மைதானத்தின் நீளம் 360 அடி, அகலம் 160 அடி. பெருக்கினால் 57,600 சதுர அடி. சென்னைக் கணக்கில் சொன்னால் சரியாக 24 கிரவுண்டு. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் இதற்கு மேல் கூரை நிற்க வேண்டும்.

அகலத்தைவிட உயரம்தான் பெரிய தலைவலி. பந்தை உயரமாக உதைத்து எதிரணிக்கு அனுப்பும் 'பன்ட்' என்ற உதை இந்த ஆட்டத்தில் உண்டு. நல்ல பன்ட் 5 விநாடி வரை காற்றில் நிற்கும். பள்ளிக்கூட இயற்பியல் கணக்குப்படி பார்த்தாலே அது சுமார் 100 அடி உயரம். 2009-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் புது ஸ்டேடியத்தில், மைதானத்துக்கு 90 அடி மேலே தொங்கிய ராட்சத வீடியோ திரையிலேயே பந்து போய் இடித்தது. பயிற்சிக் கூடத்தின் கூரை தாழ்ந்திருந்தால் பன்ட் உதைப்பவர் மட்டும் வெளியே குளிரில் நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு உயரத்துக்கு இரும்பும் கான்கிரீட்டும் போட்டால் செலவு எங்கேயோ போய்விடும். அதனால் பல இடங்களில் மலிவான வழிகளைத் தேடினார்கள். ஒன்று, காற்றை ஊதி நிறுத்தும் பலூன் கூடாரம். இன்னொன்று, இரும்புச் சட்டத்தின் மேல் கெட்டித் துணியை இழுத்துப் போர்த்துவது. இந்த இரண்டாவது வகைதான் ஒரு நாள் இடிந்து விழுந்தது.

கூரையே எமனாக வந்த நாள்

2009 மே 2. டெக்சாஸ் மாநிலம் இர்விங்கில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் இன்டோர் கூடத்தில் புதுமுக வீரர்களுக்குப் பயிற்சி. வெளியே இடி, மழை, பலத்த காற்று. வீரர்கள், பயிற்சியாளர்கள், பத்திரிகையாளர்கள் என்று உள்ளே சுமார் 70 பேர். சில விநாடிகளில் மொத்தக் கூடமும் சரிந்து அவர்கள் மேல் விழுந்தது. 12 பேருக்குக் காயம். பயிற்சியாளர் ஒருவருக்குக் கழுத்து எலும்பு முறிந்தது. 33 வயது ஊழியர் ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது.

அமெரிக்க அரசின் தரநிர்ணயத் தொழில்நுட்ப நிறுவனம் ஆய்வு செய்தது. விழுந்தபோது அடித்த காற்றின் வேகம் மணிக்கு 55 முதல் 65 மைல், அதாவது சுமார் 90 முதல் 105 கிலோமீட்டர். அந்தக் கட்டிடம் தாங்கியிருக்க வேண்டியது 90 மைல், சுமார் 145 கிலோமீட்டர். வடிவமைப்பிலேயே கோளாறு என்பது அந்த ஆய்வில் தெரிந்தது. வானிலையிலிருந்து காப்பாற்றக் கட்டியது சாதாரண புயல்காற்றுக்கே விழுந்துவிட்டது.

அடுத்த வருஷமே இதற்கு நேர் எதிரான ஒரு துயரம். 2010 அக்டோபர் 27, நோட்ர டேம் பல்கலைக்கழக அணி வெளி மைதானத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. தொழில்முறை அணி இல்லைதான், ஆனால் அதற்கு இணையான பணமும் பெயரும் உள்ள டீம். உயரமான ஹைட்ராலிக் லிஃப்ட் மேல் நின்று பயிற்சியை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார் 20 வயது மாணவர் ஒருவர். மணிக்கு 50 மைல் வேகத்தில் அடித்த காற்றில் லிஃப்ட் கவிழ்ந்தது. அந்த மாணவர் இறந்துபோனார். அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்டோர் மைதானம் இருந்தது. பயிற்சியை அங்கே மாற்றவில்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 'கூரை இருக்கா இல்லையா' என்பது பாதிக் கேள்விதான் என்று புரியும். அந்தக் கூரை எவ்வளவு காற்றைத் தாங்கும், காற்று ஏறும்போது 'எல்லாரும் உள்ளே போங்க' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பது மீதிப் பாதி.

வெயிலுக்கும் வேணுமா?

2001-ல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் கோடைப் பயிற்சி முகாமில் வெப்பத்தாக்கில் சுருண்டு விழுந்து, ஆகஸ்ட் 1-ம் தேதி இறந்தார். வயது 27. அதன்பிறகு வெயில் நேரப் பயிற்சி பற்றிய பார்வையே மாறியது. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையமே இயங்குகிறது. 

ஆனா வெயிலைச் சமாளிக்க கூரை மட்டும்தான் வழி என்றில்லை. பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றலாம், ஐஸ் தொட்டி வைக்கலாம், கனமான கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடவிடலாம். மின்னலுக்கு இப்படி மாற்று எதுவும் கிடையாது. இடிச் சத்தம் கேட்டால் மைதானத்தைக் காலி செய்ய வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. நடுவில் இன்னொரு இடி இடித்தால் மறுபடி முதலிலிருந்து 30 நிமிடம். ஃப்ளோரிடாவில் கோடை மதியங்களில் இது கிட்டத்தட்ட தினசரி வேலை. பனியே விழாத ஜாக்சன்வில்லிலும் மயாமியிலும் இன்டோர் மைதானம் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

வீரர்களின் முழங்கால் என்ன சொல்கிறது?

இன்டோர் என்றாலே பெரும்பாலும் செயற்கைப் புல்தான். வெயில் படாத இடத்தில் இயற்கைப் புல் வளர்ப்பது சாமான்யமில்லை. 2012 முதல் 2018 வரையிலான காயக் கணக்கை வைத்து, செயற்கைத் தரையில் யாரும் மோதாமலேயே காலில் ஏற்படும் காயங்கள் 28 சதவீதம் அதிகம் என்று வீரர்கள் சங்கம் 2020-ல் சொன்னது. லீக் நிர்வாகம் இதை அப்படியே ஏற்கவில்லை. இன்றுவரை இரண்டு தரப்புக்கும் இழுபறி ஓடுகிறது. தினமும் உள்ளேயே பயிற்சி எடுத்தால் காலுக்குத்தான் கேடு என்ற பயம் வீரர்களுக்கு உண்டு.

அதற்காக உறைந்துபோன புல்தரையும் மெத்தை இல்லை. பூமி கல்லாகக் கிடக்கும்போது கீழே விழுந்தால் தலைக்கும் முட்டிக்கும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் எல்லா நாளும் உள்ளே என்று இல்லாமல், வெளியே முடியாத நாளுக்கு மட்டும் உள்ளே என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

'குளிரில் ஆடப்போகிறவன் குளிரில்தான் பழகணும்' என்ற பழைய வாதமும் இங்கே வரும். அதில் உண்மை இருக்கிறது. 1967 டிசம்பர் 31-ல் மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் ஆடி ஜெயித்த கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் 'ஐஸ் பவுல்' கதையை அமெரிக்கர்கள் இன்னும் பேசுவார்கள். அந்த கிரீன் பேவிலேயே 1994 முதல் இன்டோர் பயிற்சிக் கூடம் இருக்கிறது. குளிர் பழகுவதற்கு வாரத்தில் ஒரு நாள் வெளியே போனால் போதும். புது ஆட்டத் திட்டத்தை விரல் விறைக்கும் குளிரில் நின்று மனப்பாடம் செய்ய முடியாது.

சொந்தமா, பங்கா?

செலவுக்கு வழி, பங்கு போடுவதுதான். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோடு ஒரே பயிற்சி வளாகத்தைப் பகிர்ந்துகொள்கிறது. 2009-ல் கூரை விழுந்த அதே கவ்பாய்ஸ், 2016-ல் ஃபிரிஸ்கோ நகரில் 12,000 பேர் உட்காரும் இன்டோர் மைதானத்துக்குக் குடிபோனது. நகர நிர்வாகமும் பள்ளி மாவட்டமும் அதற்குப் பணம் போட்டன. பதிலுக்கு, உள்ளூர் பள்ளி அணிகளின் மேட்ச்கள் அங்கேயே நடக்கின்றன.

கோடீஸ்வர முதலாளியின் டீமுக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்ற கோபம் நியாயமானது. வருஷத்தில் பத்துப் பதினைந்து மோசமான நாட்களுக்காக மட்டும், 53 வீரர்கள் மட்டும் பயன்படுத்தும் கூரை என்றால் ஊர்ப் பணம் ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளும் விளையாடும் கூரை என்றால் பேசலாம்.

நம்ம கால்பந்திலிருந்து இதற்கு உதாரணம் ஐஸ்லாந்து. 2000-லிருந்து அந்த நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளே இன்டோர் கால்பந்து அரங்குகளைக் கட்ட ஆரம்பித்தன. குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகள் உள்ளே ஆடினார்கள். அப்போது சுமார் மூன்றரை லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த நாடு, 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2018 உலகக் கோப்பைக்கும் போனது.