இருதயமும் இரத்தமும் – 14: அழுத்தம் தாழும்போது எந்த மருந்து?

1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் சிகிச்சையைச் செய்தபோது எளியவர்களின் எண்ணத்துக்கே எட்டாதிருந்த இருதய ஆப்பரேஷன், 2009இல் அரசாங்கக் காப்பீட்டுத் திட்டம் வந்தபின், வெம்பக்கோட்டை வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீசிலும் பயர் ஆபீசிலும் கூலிக்குச் செல்லும் குடும்பங்களுக்கும் மதுரை வரையில் போனால் கிட்டக்கூடிய காரியமாகிவிட்டது. ஆனால், ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தும் "பிரஷர் நிற்கவில்லை" என்று டாக்டர் வெளியே வந்து சொல்லும் அந்த இரவில், வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் உறவினருக்கு உள்ளே நடக்கும் விசாரம் இன்னதென்று விளக்குவார் அபூர்வம்.

அழுத்தம் தாழ்வது ஒன்றே. அதன் காரணங்கள் வேறு வேறு. உள்ளே இரத்தம் கசிகிறதா, கசிந்த இரத்தம் இருதயத்தைச் சுற்றித் தேங்கி அதனை நெருக்குகிறதா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். அப்படியிருந்தால் மருந்தை நம்பிக் காலங்கழிப்பது ஆபத்து, மார்பை மறுபடி திறப்பதே வழி. இருதயத் தசை சோர்ந்து, கைகால்கள் சில்லிட்டுப் போயிருந்தால் டோபுடமின், அட்ரினலின், மில்ரினோன் ஆகியவை அதற்குப் பலமூட்டும். எனினும் மில்ரினோன் இரத்தக் குழாய்களையும் விரிப்பதால் அழுத்தத்தை மேலும் இறக்கக்கூடும், சிறுநீரகம் பழுதுபட்டவர் உடலில் நெடுநேரம் தங்கியும் விடும்.

இருதயம் வலுவாகத் துடித்தும், இருதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியே ஓடித் திரும்பிய இரத்தத்தின் விளைவாகக் குழாய்கள் தளர்ந்துவிடுவது மூன்றாவது வகை. இதற்கு முதல் மருந்து, 1946இல் ஸ்வீடன் தேசத்து வான் ஆய்லர் நரம்புகளில் கண்டறிந்த நாரட்ரினலின். பல்வேறு காரணங்களால் இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையுற்ற 1,679 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆராய்ச்சியில், டோபமின் பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கும் நாரட்ரினலின் பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கும் இருதயத் துடிப்பு தாறுமாறானது. டோபமினை முதலில் எடுக்கும் பழைய வழக்கம் அதன்பின் பெரிதும் குறைந்தது. பிரேசிலின் சாவோ பாலோவில், இருதய ஆப்பரேஷனுக்குப் பின் குழாய்கள் இவ்விதம் தளர்ந்த 300 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, மரணமோ கடும் சிக்கலோ நேர்ந்தது வாசோப்ரெசின் என்ற மற்றொரு மருந்தைப் பெற்றோரில் 32 சதவீதம், நாரட்ரினலின் பெற்றோரில் 49 சதவீதம். ஒரே ஆஸ்பத்திரியின் முடிவென்றாலும், நாரட்ரினலினை ஏற்றிக்கொண்டே போகாமல் வாசோப்ரெசினைக் காலத்தோடு சேர்ப்பது நியாயம் என்பதே என் அபிப்பிராயம்.

இம்மருந்துகளில் பெரும்பாலானவற்றை, பயர் ஆபீசில் வெடிமருந்து கலக்கும் அறையில் எடை பார்ப்பவரினும் சிரத்தையாக, ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிஷத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிட்டுச் செலுத்துகிறார்கள். அளவு மிஞ்சினால் விரல்களுக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தமே குன்றிவிடும்.

இவற்றுக்கும் மசியாத தளர்ச்சிக்குச் சிலவேளை கொடுக்கப்படுவது, 1876இல் ஜெர்மனியில் துணிச் சாயமாகத் தயாரிக்கப்பட்டு, 1891இல் பால் எர்லிக்கால் மலேரியாவுக்குப் பிரயோகிக்கப்பட்ட மெத்திலீன் நீலம். குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் வேலையை அது தடுக்கிறது. சிறுநீர் பச்சையும் நீலமுமாய் இறங்கும். தோலிலும் நீலம் படரும். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் குறைந்ததாகச் சிறிது நேரம் பொய்யாகக் காட்டும். இவற்றைக் கண்டு உறவினர் கலங்க வேண்டியதில்லை. ஆனால் மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் பிராணாபாயம் நேரலாம். பிரஷருக்கான சில மாத்திரைகளும் குழாய்த் தளர்ச்சியை அதிகப்படுத்தக்கூடும். ஆகையால் ஆப்பரேஷனுக்குப் புறப்படுகிறவர், வீட்டில் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், மனநல மருந்தென்று கூசி ஒன்றையும் ஒளிக்காமல், மயக்க டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.