சாவி யார் கையில்?

கடல் கடந்து உதவிப் பணம் வருகிறது என்றால், அது மந்திரிகளும் நிபுணர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். குடித்தனம் நடத்தும் பெண்களுக்குத்தான் அது நன்றாகப் புரியும்! கல்யாணத்துக்கு வந்த பாத்திரமெல்லாம் அடுப்படியில் புழங்குகிறதா, என்ன? பாதி பரண்மேல் தூங்குகிறது. கொடுத்தவர்களுக்கு நல்ல மனசுதான். "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் போனார்கள், அவ்வளவே!

ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இப்படி ஒரு சீர் போயிற்று. குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால், பூமிக்கடியிலிருக்கும் தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறும். கேட்கவே குஷியாக இல்லை? 2006-ல் இதற்காக அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள். 2010-க்குள் 4,000 ராட்டினங்கள் என்று திட்டம்.

ஆனால், குழந்தைகள் எத்தனை நேரந்தான் சுற்றும்? பள்ளிக்கூடம் போகவேண்டாமா? பசிக்காதா? கடைசியில் மொசாம்பிக் கிராமங்களில் பெண்கள்தான் குனிந்து நின்று ராட்டினத்தைத் தள்ள வேண்டியதாயிற்று. கெட்டுப் போனால் சரிபார்க்கவும் உள்ளூரில் வழியில்லை. சொன்ன எண்ணிக்கையை எட்டாமலே திட்டம் ஓய்ந்தது.

இந்த ராட்டினம் நமக்குச் சரிப்படாது என்று அப்போதே விலகி நின்ற ஸ்தாபனங்களில் ஒன்று, இங்கிலாந்தைச் சேர்ந்த 'வாட்டர் எய்டு'. அதே ஸ்தாபனத்தின் பணம் நம் திருச்சிக்கும் வந்தது. வந்து என்ன ஆயிற்று?

பாலக்கரைக்கு அதிக தூரமில்லாத கல்மந்தை போன்ற குடிசைப் பகுதிகளில், தனித்தனியாகக் கக்கூஸ் கட்ட வீடுகளில் இடம் கிடையாது. பொதுக் கக்கூஸ்கள் இருந்தன. ஆனால் தண்ணீரில்லை, விளக்கில்லை, கேட்பாரில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனார்கள். ஆண்பிள்ளைகள் எங்கேயாவது ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். பகலில் தண்ணீர் குடிக்கவே பயந்தார்கள். அதனால் வந்த வியாதிகளையும், வயது வந்த மகளை இருட்டில் அனுப்பும் தாயின் வயிற்றுக் கலக்கத்தையும் எந்த நிபுணர் கணக்கெடுத்தார்?

1987-ல் திருச்சியில் தொடங்கிய 'கிராமாலயா' என்ற தொண்டு நிறுவனம், வாட்டர் எய்டின் உதவியோடு இந்த வேலையில் இறங்கியது. கட்டடத்தைச் செப்பனிட்டதோடு நின்றிருந்தால், பழைய கதைதான் திரும்பியிருக்கும். அவர்கள் செய்த காரியம் வேறு. அந்தந்தப் பகுதிப் பெண்களைச் சங்கமாகச் சேர்த்து, சாவியையும் கணக்கு நோட்டையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்!

ஒரு தடவைக்கு ஐம்பது பைசா கட்டணம். பெண்கள் முறை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வசூலித்தார்கள். சுத்தம் செய்பவருக்குச் சம்பளம், மின்சாரக் கட்டணம், குழாய் ரிப்பேர் எல்லாம் அந்தச் சில்லறையில் நடந்தன. மீந்ததைச் சேர்த்துப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டார்கள். பெரியவர்களுடைய கக்கூஸைக் கண்டு பயந்த குழந்தைகளுக்கு, அவர்கள் அளவுக்குத் தனியாகவே கட்டினார்கள். அது வேண்டும் என்று ஒரு தாய்க்குத்தானே தோன்றும்!

2002-ல், திறந்த வெளியை யாரும் நாடாத குடிசைப் பகுதி, நாட்டிலேயே முதலாவது என்று கல்மந்தை அறிவிக்கப்பட்டது. கிராமாலயாவைத் தொடங்கிய தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

எல்லாம் பூரணம் என்று சொல்லிவிட முடியாது. நடுநிசியில் வயிறு கலங்கும் கிழவிக்குத் தெருக்கோடிக் கக்கூஸ் தூரந்தான். வீட்டோடு ஒன்று இருப்பதற்கு ஈடாகாது. வீட்டு வேலை போதாதென்று காவல் வேலையும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ஆனாலும் தங்களுடையது என்ற எண்ணம் இருந்ததால், உடைந்த குழாயை மறுநாளே மாற்றச் சொல்லிக் கேட்க ஆள் இருந்தது. ராட்டினத்துக்கு அப்படி யாரும் இல்லை.

ஆகையால் வாசகிகளே, 'இத்தனை கோடி உதவி' என்று இனிப் பத்திரிகையில் படித்தால், தொகையைக் கண்டு மலைத்துவிடாதீர்கள். உபயோகிக்கப் போகிறவர்களைக் கேட்டார்களா, கெட்டுப் போனால் யார் சரிபார்ப்பார்கள், சாவி யார் கையில் என்று பாருங்கள். பதில் சரியாக இல்லாவிட்டால், அதுவும் பரண்மேல் ஏறப்போகிற பாத்திரந்தான்!