ஏடு விட்டு ஏடு செல்லும் சூத்திரம்



தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தோர் தொகை அந்நாளிலும் சிறிதன்று; இந்நாளிலும் சிறிதன்று. பேரேடும் சிட்டையும் இருந்த இடத்தைக் கணிப்பொறியின் விரிதாள் பிடித்துக்கொண்டது. 1979-இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆக்கிய விசிகால்க் இதற்கு வழிகாட்டி. 1985-இல் எக்ஸெல் தோன்றிற்று. கூட்டுவதும் கழிப்பதும் பொறியின் வேலையாகி, சூத்திரம் எழுதுவதே கணக்கரின் பொறுப்பாயிற்று. அச்சூத்திரத்தை ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டிற்கு எடுத்துச் செல்லும்போது நேரும் ஒரு பிழையைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

புனேயிலும் பெங்களூரிலும் கிளைகள் உடைய ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் தயாரிப்பவரை எண்ணிக்கொள்வோம். தொழில் வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்று அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது. அதற்குள் ஒவ்வோர் அரசும் தன் விருப்பம்போல் விதித்துக்கொள்கிறது. டில்லியில் இவ்வரியே கிடையாது. மராட்டியத்தில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் பெறும் ஆடவர் 200 ரூபாயும், பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாயும் செலுத்துவர். பெண்டிர்க்கு 2023 ஏப்ரல் முதல் 25,000 வரை விலக்கு உண்டு. கர்நாடகத்திலோ அதே 2023 ஏப்ரல் முதல், ஆண் பெண் வேறுபாடின்றி, 25,000-க்குக் குறைவாகப் பெறுவோர்க்கு வரி இல்லை.

நம் கணக்கர் புனே ஏட்டில் 'விகிதம்' என்றொரு தாளில் இவ்வெண்களை எழுதி, சம்பளத் தாளில் சூத்திரம் அமைத்திருக்கிறார். பெங்களூர் ஏட்டிலும் அதே பெயரில் ஒரு தாள் வைத்து, கர்நாடக எண்களை எழுதிவிட்டார். பின், புனே ஏட்டுக் கட்டத்தைப் பிரதி செய்து இங்கே ஒட்டுகிறார். விடை வந்துவிடுகிறது. ஆனால் சூத்திரத்தை உற்று நோக்கினால், புனே ஏட்டின் பெயர் சதுர அடைப்புக்குள் அமர்ந்திருக்கும். உடல் பெங்களூரில், கண் புனேயில்! 18,000 ரூபாய் பெறும் எளிய ஊழியரின் சம்பளத்தில் 200 ரூபாய் குறைந்துபோகும். பொறி இதைப் பிழையென்று சொல்லாது. புனே ஏட்டை வேறிடத்திற்கு மாற்றிவிட்டாலுங்கூட, கடைசியாகக் கண்ட எண்களை நினைவில் வைத்துக்கொண்டு அது கணக்கிட்டபடியே இருக்கும்.

இதற்கு மாற்று எளியதே. கட்டத்தைப் பிரதி செய்யாமல், மேலே சூத்திரப் பட்டையில் உள்ள எழுத்துகளை மட்டும் பிரதி செய்து ஒட்டுக. எழுத்து எழுத்தாகவே செல்லும். புதிய ஏட்டின் 'விகிதம்' தாளையே நாடும். இரண்டு ஏடுகளிலும் தாளின் பெயரும் கட்டங்களின் இடமும் ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சூத்திரங்கள் பலவாயின், சம்பளத் தாளையும் விகிதத் தாளையும் சேர்த்தே தேர்ந்து, ஒருங்கே புதிய ஏட்டுக்குப் பிரதி செய்து, அதன் பின் விகிதங்களைத் திருத்துவது நலம். முன்பே ஒட்டிவிட்டவர், தரவுப் பகுதியில் இணைப்புகளின் பட்டியலைத் திறந்து, மூலத்தை மாற்றும் கட்டளையால் தம் ஏட்டையே மூலமாகக் காட்டலாம்.

புதிய எக்ஸெல் பதிப்புகளில் லாம்டா என்னும் வசதியால் சூத்திரத்துக்கு ஒரு பெயரிட்டு வைக்கலாம். அதைப் பயன்படுத்தும் தாளைப் பிரதி செய்தால் பெயரும் உடன் வரும். எனினும் ஓர் ஏட்டில் செய்த திருத்தம் மற்றதைச் சென்று சேராது. ஆதலால் விகிதங்களைச் சூத்திரத்துக்குள் புதைப்பதை நான் விரும்புவதில்லை. அவை தனித் தாளில், கண்ணுக்குத் தெரியும்படி நிற்கட்டும்.

பட்டியலை அனுப்புமுன், தேடும் வசதியில் சதுர அடைப்புக் குறியை இட்டுச் சூத்திரங்களுக்குள் தேடுக. அடுத்து, பெங்களூர் ஏட்டில் 24,999 என்று ஒரு சம்பளம் எழுதிப் பார்க்க. வரிக் கட்டத்தில் சுழி வர வேண்டும். 25,000 என்று மாற்றியதும் வரித் தொகை வர வேண்டும்.