சக்கரமும் காலும்

யாழ்ப்பாணத்துச் சமவெளியிற் பிறந்து வளர்ந்த எனக்கு மலை என்பது புத்தகத்திற் கண்ட பொருள். துவிச்சக்கர வண்டியோ கூடப் பிறந்த பொருள். பள்ளிக்கூடமாயினும், சந்தையாயினும், கோயிலாயினும் வண்டியை எடுத்து மிதிப்பதே எங்கள் வழக்கம். அந்த வழக்கமே பின்னொருநாள் ஸ்கொட்லாந்தின் உயர்நிலப் பகுதியில், ஆளரவமற்ற ஒரு மலையின் உச்சிக்கு என்னைக் கொண்டு சேர்க்கும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை.

அம்மலையின் பெயர் பென் ஆல்டர். உயரம் 1148 மீற்றர். நமது பிதுருதலாகலையின் பாதி உயரந்தானும் இல்லையே என்று வாசகர் நகைக்கக் கூடும். தூரத்தைக் கேட்டால் அந்த நகைப்பு அடங்கிவிடும். வழக்கமாக மலையேறுவோர் புறப்படும் டால்வினி என்னும் சிற்றூரின் புகையிரத நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்குச் செல்லவே ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அதன்பின்னரே ஏற்றம் தொடங்குகிறது. ஏறி இறங்கியபின் அதே 15 கிலோமீற்றரைத் திரும்பவும் கடக்க வேண்டும்.

முதன்முறை நான் தனியே நடந்துதான் போனேன். அடிவாரத்தை அடைந்தபோதே நண்பகல் கடந்துவிட்டது, கால்கள் கெஞ்சின. உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாலைப் புகையிரதத்தை எண்ணித் திரும்பினேன். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்ற ஒன்றை விட்டு வந்த வேதனை ஓராண்டு வரை என்னை விட்டு நீங்கவில்லை.

இதனை என் நண்பரொருவரிடம் சொன்னேன். எடின்பரோவில் ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். அறுபதைக் கடந்தும் மலையேறுபவர். “வண்டியைக் கொண்டு போகலாமே!” என்றார். எனக்கு உள்ளூரக் கூச்சமாயிருந்தது. பாதி வழியைச் சக்கரத்தில் கடந்தவன், மலையை ஏறினேன் என்று சொல்லிக்கொள்ளத் தகுமா?

நண்பர் சிரித்தார். அந்நாட்டில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியலிட்டு 1891இல் வெளியிட்டவர் சேர் ஹியூ மன்றோ. அவர் பெயராலேயே அம்மலைகள் ‘மன்றோ’க்கள் எனப்படுகின்றன, இன்றைய கணக்கில் அவை 282. பட்டியல் தந்தவரோ அவையனைத்தையும் ஏறி முடிக்காமலே 1919இல் மறைந்தார். 1901இல் அவற்றை முதன்முதலாக ஏறி முடித்தவராகக் கொள்ளப்படுபவர் றொபேட்சன் என்னும் பாதிரியார். அப்பாதிரியாரும் மலைகளை நாடித் துவிச்சக்கர வண்டியில் திரிந்தவரே. வண்டியைக் கரடுமுரடான வழியிலே உருட்டியும் தோளிற் சுமந்தும் செல்வோருக்கென 1955இல் இங்கிலாந்தில் ஒரு சங்கமே தோன்றியது. இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னபின், “வண்டி மலையேறாது, மலையண்டை கொண்டுபோய் விடும், அவ்வளவே” என்று முடித்தார். என் கூச்சம் ஓரளவு தெளிந்தது.

ஆனி மாதத்து ஒரு காலைப் பொழுதில், தடித்த ரயர் பூட்டிய இரு வண்டிகளோடு டால்வினியில் இறங்கினோம். எரிக்ற் என்னும் நெடிய ஏரி அங்கிருந்து தென்மேற்காக 23 கிலோமீற்றர் வரை நீண்டு கிடக்கிறது. அதன் கரையோரமாகத் தனியார் பண்ணையொன்றின் கிரவற் பாதை செல்கிறது. பிறர் நிலத்தில் நுழையலாமோ என்ற ஐயம் நம்மவர்க்கு எழுவது இயல்பு. ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புணர்ந்து நடப்போர்க்கு இத்தகைய நிலங்களிற் செல்லும் உரிமையை வழங்கியிருக்கிறது. நடப்போரைப் போலவே வண்டி மிதிப்போர்க்கும் அவ்வுரிமை உண்டு. இயந்திர வாகனங்களுக்கு இல்லை.

ஊசியிலை மரங்களினூடே ஏரி மின்னி மறைந்தது. பத்துக் கிலோமீற்றரளவில் பாதை ஏரியை விட்டு விலகி மேலேறியது. அங்கே இறங்கி உருட்டினேன். நண்பரோ மிதித்தே ஏறினார். மேலே வெட்டவெளி. பற்றக் ஏரியருகே பண்ணையின் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அப்பால் கரிய முதுகோடு பென் ஆல்டர். நடந்து வந்தபோது மூன்றரை மணி நேரம் எடுத்த வழி, இப்பொழுது ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்திருந்தது.

குல்ரா என்ற இடத்தில் வண்டிகளை ஒரு பாறையிற் சாய்த்தோம். அதற்கப்பால் ஈரமான கருஞ்சேற்று நிலம். சக்கரம் உழுத வடுவை அந்த மண் எளிதில் ஆற்றிக்கொள்வதில்லை. ஆகவே அங்கே இறங்கிவிடுவதே முறை என்றார் நண்பர்.

லோங் லெக்கஸ் எனப்படும் ஒடுங்கிய மலைவிலாவைப் பற்றி ஏறினோம். சிலவிடங்களிற் கைகளும் கால்களாயின. அதன் தலைப்பில், ஆயிரம் மீற்றருக்கு மேலே, பரந்ததொரு மேட்டுச் சமவெளி விரிகிறது. யாழ்ப்பாணத்தானுக்கு மலையுச்சியிலும் சமவெளி வாய்த்ததே என்று மகிழ்ந்தேன். கீழ்ப்புறத்திலே செங்குத்தான பள்ளம். அதன் மடிப்புக்களில் சென்ற மாரியின் பனி இன்னும் ஒட்டிக் கிடந்தது. உச்சிக் கற்குவியலைத் தொட்டபோது ஓராண்டு வேதனை ஒரு கணத்திற் கரைந்தது.

இம்மலைக்குச் சரித்திரமும் உண்டு. 1746இல் கலோடன் போரிலே தோற்ற இளவரசர் சாள்ஸ், பிரான்சுக்குத் தப்பியோடுமுன், இதன் தென்சரிவில் குளூனி மக்பேர்சன் என்னும் குலத்தலைவரின் மறைவிடத்தில் தங்கினார். அவ்விடத்துக்கு ‘குளூனியின் கூண்டு’ என்று பெயர். ஸ்டீவன்சனின் ‘கிட்நாப்ட்’ (1886) நாவலைப் படித்த மாணவர்க்கு அக்கூண்டு நினைவிருக்கும்.

அந்தத் திசையை நோக்கி நின்ற வேளையிலேதான் புகார் மூடியது. ஐந்து நிமிடத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏறி வந்த வழியே இறங்கினால் நேரம் மிச்சம், புகையிரதமும் தவறாது. “வந்த வழியே போவோம்” என்றேன். நண்பர் தலையசைத்து மறுத்தார். அகன்ற சமவெளியிலே அந்த ஒடுங்கிய மலைவிலாவின் தலைப்பைப் புகாரில் தேடுவது ஆபத்து. சற்றுப் பிசகினால் செங்குத்தில் இறங்க நேரும். பள்ளத்தின் விளிம்பை இடப்புறம் பாதுகாப்பான தொலைவில் வைத்துக்கொண்டு, திசையறி கருவியின் துணையோடு தெற்கே நடந்தால் பியாலக் பிரேபாக் என்னும் கணவாய் வரும். அங்கிருந்து ஏரியோரப் பாதையால் வடக்கே திரும்பலாம். சுற்றுவழிதான், ஆயினும் உறுதியான வழி.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த புகையிரதத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். “கீழே வண்டி நிற்பதை மறந்துவிட்டாயா? காலையிற் சேமித்த நேரத்தை இங்கே செலவிடுவோம்” என்றார் அவர்.

அப்படியே நடந்தோம். அடிக்கொரு முறை நின்று ஊசியைப் பார்த்தோம். விளிம்பு சிலபோது தெரிந்தது. பலபோது கீழிருந்து வந்த குளிர்காற்றே அது அங்கிருப்பதை உணர்த்தியது. தரை தாழ்ந்து கணவாயை அடைந்தபோதுதான் என் நெஞ்சிடி தணிந்தது. புகாருக்குக் கீழே, மலையிடை ஏரி ஈயத்தகடுபோற் கிடந்தது.

வண்டிகள் சாய்த்த இடத்திலேயே எமக்காகக் காத்திருந்தன. திரும்பும் வழி பெரும்பாலும் இறக்கம். ஒரு மணி நேரத்துக்குள் டால்வினி. புகையிரதம் வரப் பதினைந்து நிமிடம் இருந்தது. அவ்வூர்களில் ஆனி மாதத்துச் சூரியன் இரவு பத்து மணிவரை அடையாதாகையால், மேடையிலே நல்ல வெயில்.

சக்கரம் என்னை மலையுச்சிக்கு ஏற்றவில்லை. நிதானமாக நடக்க வேண்டிய இடத்தில் நிதானமாக நடப்பதற்கு வேண்டிய பொழுதைத் தந்தது. முன்னர் நடந்தே சென்ற நாளில் உச்சியை அடைந்து, அங்கே புகாரும் மூடியிருந்தால், நான் புகையிரதத்தை எண்ணிக் குறுக்குவழியே இறங்கியிருப்பேன். அந்த எண்ணம் இன்றும் என்னை நடுங்க வைக்கிறது.