இயற்கை உணவும் தற்சார்பு வாழ்வும்: மண் கேட்கும் கணக்கு

இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் படாத உணவை உண்ண வேண்டும், முடிந்தால் அதைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு விருப்பங்களும் தமிழ்நாட்டில் சேர்ந்தே வளர்ந்தன. அவற்றை ஊர் ஊராகக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் கோ. நம்மாழ்வார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்த அவர், வேளாண்மைப் பட்டம் பெற்று, கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தார். மழையை நம்பிப் பயிர் செய்யும் கரிசல் உழவர்களுக்கு, அவர்களால் விலை கொடுத்து வாங்க முடியாத உரத்தையும் விதையையும் பரிந்துரைப்பதில் பொருளில்லை என்று கண்டு 1969-ல் அந்த வேலையை விட்டார். பிற்காலத்தில் கரூர் மாவட்டம் கடவூர் அருகே 'வானகம்' பண்ணையைத் தொடங்கி, 2013 டிசம்பரில் மறையும் வரை பயிற்சி கொடுத்துவந்தார். நகரத்து வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய இளைஞர்கள் பலருக்கு அந்தப் பண்ணைதான் முதல் பள்ளி.

இந்த ஈர்ப்புக்குத் தக்க காரணங்கள் உண்டு. அவற்றில் முதலாவது நஞ்சு. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் ஆண்டுக்கணக்கில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது. அங்கே பிறந்த குழந்தைகளின் உடற்குறைகள் நாட்டையே உலுக்கின. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூச்சிக்கொல்லியின் கேட்டை முதலில் சுமப்பவர், கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும் கூலியாள்தான். உண்பவரின் தட்டுக்கு வருவது எச்சம் மட்டுமே. இயற்கை வேளாண்மையின் மிகப் பெரிய நன்மை அந்தக் கூலியாளுக்குப் போய்ச் சேருகிறது. கடைப் பலகைகளில் மட்டும் அது எழுதப்படுவதில்லை.

அடுத்தது விதை. பசுமைப் புரட்சிக் காலத்தில் குட்டை ரக நெல் பரவியபோது, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறிய பழைய ரகங்கள் வயலிலிருந்து மறைந்தன. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழா அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டு கிலோ விதை நெல் வாங்கிச் செல்பவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. 2018-ல் அவர் மறைந்தபோது 174 ரகங்கள் மீட்கப்பட்டிருந்தன. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளத்தைத் தாங்கும் காட்டுயானம், உவர் மண்ணுக்கு ஏற்ற களர்பாலை, குறுகிய நாளில் விளையும் பூங்கார் என ஒவ்வொன்றும் ஒரு நிலத்தின் தேவைக்குப் பிறந்தது. இவற்றுக்குக் கூடுதலாக யூரியா போட்டால் பயிர் உயர்ந்து சாய்ந்துவிடும். அதனால் இரசாயனம் குறைந்த வேளாண்மையோடு இவை இயல்பாகவே பொருந்துகின்றன.

உடல்நலத்துக்கு இந்த உணவு எவ்வளவு உதவுகிறது என்ற கேள்வியில் அடக்கம் தேவை. 2012-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இயற்கை உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்பது தெரிந்தது. சத்து கூடுதல் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. 2014-ல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையில் வந்த தொகுப்பாய்வு, இயற்கை முறைப் பயிர்களில் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்கள் கூடுதலாகவும் காட்மியம் குறைவாகவும் இருப்பதாகச் சொன்னது. நோய் குறையும் என்று இரண்டுமே நிறுவவில்லை. தமிழ்நாட்டில் இயற்கை உணவின் பெயரில் புகழப்படும் பல நன்மைகள் உண்மையில் வேறு காரணத்தால் வருபவை. கைக்குத்தல் அரிசியின் நார்ச்சத்து தவிடு நீக்காததால் வருவது. கருப்பு கவுனி அரிசியின் நிறமும் அதன் சத்தும் அந்த ரகத்தின் இயல்பு. யூரியா போட்டு விளைவித்தாலும் அவை அப்படியே இருக்கும். நாட்டுச் சர்க்கரை எவ்வளவு தூய முறையில் காய்ச்சப்பட்டாலும் நீரிழிவுக்காரருக்கு அது சர்க்கரைதான்.

இயற்கை வேளாண்மையின் இடர்களில் பெரியது தழைச்சத்துப் (நைட்ரஜன்) பற்றாக்குறை. ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து சுமார் 60 கிலோ. யூரியாவில் அது 46 சதவீதம் இருப்பதால் 45 கிலோ மூட்டை மூன்று போட்டால் கணக்கு முடிந்துவிடும். மானிய விலையில் ஒரு மூட்டை 270 ரூபாய்க்கும் குறைவு. மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவில்தான் இருக்கிறது. அதே 60 கிலோவைத் தொழுவுரத்திலிருந்து மட்டும் எடுக்க 12 டன் வேண்டும். ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்து கிலோ சாணம் போட்டால் ஆண்டுக்கு மூன்றரை டன் சேரும், மக்கும்போது எடை பாதியாகும். ஒரு ஏக்கரின் ஒரு போக நெல்லுக்கே ஆறேழு மாடுகளின் ஓராண்டுச் சாணம் தேவை என்பது இதன் பொருள். அந்த மாடுகளுக்கு மேய்ச்சலும் வைக்கோலும் வேறு நிலத்திலிருந்து வர வேண்டும். 1913-ல் ஜெர்மனியில் ஹேபர்–பாஷ் முறையில் காற்றிலிருந்து அமோனியா தயாரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியபோது உடைந்தது இந்த வரம்புதான். இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு அந்தத் தழைச்சத்தை நம்பியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

திறமையான இயற்கை உழவர்கள் இந்தப் பற்றாக்குறையைப் பல வழிகளில் நிரப்புகிறார்கள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது முதன்மையான வழி. அறுவடைக்குப் பின் உளுந்து விதைப்பது, வயல் நீரில் அசோலா வளர்ப்பது, கோடையில் கீதாரிகள் எனப்படும் மேய்ப்பர்களின் ஆட்டுக்கிடையை வயலில் போடச் சொல்வது ஆகியவையும் உண்டு. பஞ்சகவ்யம், அமுதக்கரைசல் போன்றவை மிகச் சிறிய அளவில் தெளிக்கப்படுவதால் உரத்தின் இடத்தை அவை நிரப்ப முடியாது. இதை மறந்து கரைசலை மட்டும் நம்பி முதல் ஆண்டிலேயே நட்டப்பட்டவர்கள் பலர். மண்ணின் கரிமமும் நுண்ணுயிரும் தேறுவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். அதற்குப் பிறகும் விளைச்சல் இடைவெளி முழுதாக மறைவதில்லை. 2012-ல் 'நேச்சர்' இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி பயிரையும் நிலத்தையும் பொறுத்து அது 5 முதல் 34 சதவீதம். பயறு, பழம் போன்றவற்றில் குறைவு, தானியத்தில் கூடுதல். இதோடு களையெடுக்கும் ஆள்கூலியும் சேர்கிறது. கோனோவீடர் என்ற களைக்கருவியை உருட்டினாலும் மிச்சக் களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும்.

இந்தக் கணக்கை மதிக்காமல் ஒரு நாடே ஒரே பருவத்தில் மாற முயன்றால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2019 அதிபர் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு (இயற்கை உரத்துக்கு) மாறுவதாக வாக்களித்தார். அந்நியச் செலாவணி வறண்டபோது அந்தப் பத்து ஆண்டுகள் ஒரே நாளாகச் சுருங்கின. 2021 மே மாதம் இரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதிக்குத் தடை வந்தது. வடமத்திய மாகாண உழவர்களை வாட்டும் சிறுநீரக நோய்க்கு வேளாண் இரசாயனங்களே காரணம் என்ற அச்சமும் தடைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டது. நாட்டுக்குத் தேவையான சேதனப் பசளை உள்நாட்டில் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த உரத்தில் தீங்கு செய்யும் பாக்டீரியா இருப்பதாகச் சோதனையில் தெரிந்ததும் இலங்கை அதை ஏற்க மறுத்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புத் தொடங்கியிருந்தது. அந்தப் போகத்தின் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது.

தேயிலையில் அடி சற்றுத் தாமதமாக விழுந்தது. 2021-ல் சுமார் 29.9 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி 2022-ல் 25.1 கோடி கிலோவுக்கு இறங்கியது. கொழுந்தின் எடையைப் பொறுத்துக் கூலி கூடிக் குறையும் மலையகத் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இது நேராக வயிற்றில் விழுந்த அடி. தவறு சேதனப் பசளையில் இல்லை. மண்ணுக்கும் உழவருக்கும் மாற அவகாசம் கொடுக்காத ஆணையில்தான் இருந்தது. சிக்கிம் மாநிலம் 2003-ல் சட்டமன்றத்தில் முடிவெடுத்து, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016-ல்தான் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சிக்கிமுக்கும் அரிசியின் பெரும்பகுதி சமவெளியிலிருந்து மலையேறித்தான் வருகிறது.

விலையும் முத்திரையும் நகரத்து நுகர்வோரைத் தொடும் சிக்கல்கள். தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் சான்றுக்கு ஓராண்டுப் பயிர் நிலம் இரண்டு ஆண்டும், மரப்பயிர் நிலம் மூன்று ஆண்டும் மாறுகாலத்தில் இருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் விளைச்சல் குறையும், விலை கூடாது. சிறு உழவர்களுக்காக, குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறையும் இருக்கிறது. இந்தச் சான்றுகளில் ஒன்றைப் பெற்றுப் பொட்டலத்தில் விற்கப்படும் பொருளில் அரசின் இயற்கை உணவு முத்திரை இருக்கும். அது இல்லாமல் 'ஆர்கானிக்' என்ற சொல்லை மட்டும் எழுதிய பொட்டலத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது நம்பிக்கையின் பேரில் கொடுப்பதுதான். தெரிந்த உழவரிடம் நேராக வாங்குவதில் முத்திரை தேவைப்படாது, பழக்கம் தேவைப்படும்.

தற்சார்பு வாழ்க்கை இதற்கும் ஒரு படி மேலே போகிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு வேண்டிய அரிசியை நல்ல நீர்வசதியுள்ள அரை ஏக்கரில் எடுத்துவிடலாம். பருப்பு, எண்ணெய்க்கு நிலக்கடலை, எள், காய்கறி, மாட்டுத் தீவனம் என்று சேர்த்தால் ஓரிரு ஏக்கர் வரும். தன் கையால் விளைந்ததை உண்ணும் நிறைவும் கடனில்லாமல் வாழும் விடுதலையும் உண்மையானவை, அவற்றைச் சிறிதாக எண்ணக்கூடாது. ஆனால் உப்பும் இரும்பும் துணியும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் நெல்லாக வாங்கிக்கொள்ளப்படுவதில்லை. கறவை மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விறகடுப்பு, குத்துதல், புடைத்தல் என்று திரும்பி வரும் வேலைகளில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களின் தலையில் விழுகிறது. இந்த வாழ்வைப் போற்றும் பேச்சில் அவர்களின் குரல் மிகக் குறைவாகவே கேட்கிறது. நகரத்து மாடித் தோட்டம் கீரையும் தக்காளியும் கத்தரியும் தரும். வீட்டின் அரிசித் தேவையில் அது கைவைக்கவே முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே மழை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை இயல்பில் பாதிகூடப் பெய்யாதபோது டெல்டாவில் சம்பா கருகியது, மானாவாரி நிலங்களில் விதைத்ததும் திரும்பவில்லை. அந்த ஆண்டு கிராமங்களைத் தாங்கியது வேறு மாநிலங்களில் விளைந்து நியாயவிலைக் கடைக்கு வந்த அரிசி. தற்சார்பின் அளவுகோலை ஒரு வீடாக வைத்தால் ஒரு வறட்சியே அதை முறித்துவிடும். தஞ்சையில் பிறந்து, டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே. சி. குமரப்பா, காந்தியின் கிராமப் பொருளாதாரத்தை விளக்கியபோது ஊரையும் அதைச் சுற்றிய வட்டாரத்தையும் அலகாகக் கொண்டார். உணவும் உடையும் போன்ற அடிப்படைத் தேவைகள் அந்த எல்லைக்குள் கிடைக்க வேண்டும், மிஞ்சியதும் கிடைக்காததும் பரிமாற்றத்துக்கு உரியவை என்பது அவர் திட்டம். அந்த அலகில் பார்த்தால் கரிசலின் கம்பும் டெல்டாவின் நெல்லும் வேதாரண்யத்து உப்பும் ஒன்றுக்கொன்று துணை. இயற்கை உழவர்கள் கூட்டாகச் சேர்ந்து விதையைப் பகிர்வதும், செக்கும் அரிசி ஆலையும் பொதுவில் வைத்துக்கொள்வதும், விளைந்ததை நேரடியாக நகரத்துக்கு அனுப்புவதும் இந்த வழியில்தான் நடக்கின்றன.