ஈடனில் பிறந்த கோப்பை

உலக அணிகளை வரவழைத்தால் இந்தியக் கால்பந்து உயரும் என்ற நம்பிக்கையில் தொடங்கியது நேரு கோப்பை

1982 பிப்ரவரி. கல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸில் தென் கொரியாவுக்கு எதிராக ஆடிய உருகுவே அணியில் 20 வயது இளைஞர் ஒருவர் முதன்முறையாகத் தன் நாட்டுக்காகக் களமிறங்கினார். பெயர் என்ஸோ ஃபிரான்செஸ்கோலி. பின்னாளில் ஜிடேன் தன் மூத்த மகனுக்கு இந்தப் பெயரையே சூட்டினார். இறுதிப் போட்டியில் சீனாவை 2-0 என்று வென்று முதல் கோப்பையை எடுத்துச் சென்றது உருகுவே.

கால்பந்து மேதை ஒருவரின் சர்வதேச வாழ்க்கை கிரிக்கெட் மைதானத்தில் தொடங்கியது விநோதம்தான். ஆனால் கால்பந்துப் பித்துப் பிடித்த அந்த நகரத்தில் அப்போது பெரிய கால்பந்து ஸ்டேடியம் கிடையாது. அதற்கான விலையும் கொடுத்தாகிவிட்டது. 1980 ஆகஸ்ட் 16-ல் இதே ஈடனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது காலரியில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். ஒன்றரை ஆண்டில் அதே காலரிகள் சர்வதேசப் போட்டிக்குத் திறக்கப்பட்டன. சால்ட் லேக் ஸ்டேடியம் வர 1984 ஆயிற்று.

1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம், 1956 ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம் என்றிருந்த இந்தியா அதற்குள் வெகுவாகச் சறுக்கியிருந்தது. ஆப்பிரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். 1957-ல் கார்ட்டூமில் சூடான், எகிப்து, எத்தியோப்பியா என மூன்றே அணிகளுடன் தங்களுக்கென்று ஒரு கோப்பையைத் தொடங்கினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் கலந்த அணியை அனுப்ப மறுத்த தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லை. இந்தியாவோ விருந்தாளிகளை நம்பியது.

ஒருமுறை அது பலித்தது. 1984-ல் பிலார்டோவின் அர்ஜென்டினா ஈடனுக்கு வந்தது. மிலோவன் பயிற்சியளித்த இந்திய அணி கடைசிக் கட்டம் வரை தாக்குப்பிடித்து, கரேகா அடித்த ஒரே கோலில் தோற்றது. (இரண்டாண்டுகளில் அர்ஜென்டினா உலக சாம்பியன், அந்த அணியில் கரேகாவுக்கு இடம் கிடைக்கவில்லை.) கோப்பை போலந்துக்குப் போனது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் நடந்த தகுதிச் சுற்றில் வென்று, 20 ஆண்டுகளுக்குப் பின் ஆசியக் கோப்பைக்குப் போனது மிலோவனின் அணி.

பிறகு கொச்சி, சிலிகுரி, சென்னை என்று கோப்பை ஊர் ஊராக அலைந்தது. பல நாடுகள் இரண்டாம் தர அணிகளையே அனுப்பின. அப்படியும் 1997 வரை நடந்த 12 போட்டிகளில் ஒருமுறைகூட இந்தியா இறுதிப் போட்டியை எட்டவில்லை.

பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2007-ல் தில்லியில் பிரதீப் அடித்த கோலில் சிரியாவை வீழ்த்தி இந்தியா முதன்முறையாகக் கோப்பையை வென்றது. 2009-ல் மீண்டும் சிரியா. 2012-ல் ஆப்பிரிக்காவின் கேமரூன், அதுவும் முழு பலமில்லாத அணி, பெனால்டியில் தோற்றது. அத்துடன் போட்டியும் நின்றுபோனது.