தூத்துக்குடியில் பழைய சான்ட்ரோ வாங்கலாமா?
"பழைய சான்ட்ரோ ஒண்ணு கம்மி விலைக்கு வருது, வாங்கலாமா?"னு நிறைய பேர் கேக்குறீங்க. 1998-ல் வந்து 2014-ல் தயாரிப்பு நின்ன கார் இது. இன்ஜின் நல்லா உழைக்கும். ஆனா நம்ம ஊர் உப்புக்காத்துல முதல்ல போறது அடித்தகடுதான்.

லிஃப்ட்ல ஏத்தி, கதவுக்குக் கீழே, சக்கர வளைவு, சஸ்பென்ஷன் பிடிக்கிற இடம் எல்லாம் தட்டிப் பாருங்க. புதுசா கறுப்புப் பூச்சு இருந்தா துருவை மறைச்சிருக்கலாம். டைமிங் பெல்ட் மாத்துன பில் கேளுங்க. ஸ்டியரிங்ல கடகடன்னு சத்தம் வருதான்னு ஓட்டிப் பாருங்க.

15 வருஷம் தாண்டினா ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய், 20 தாண்டினா 10,000. பசுமை வரி தனி. அதுவும் 5 வருஷத்துக்குத்தான்.

விலை, ரிப்பேர், ஆர்.சி. மூணையும் கூட்டுங்க. அதுதான் உண்மையான விலை. அடித்தகடு ஓட்டையா? இலவசமா குடுத்தாலும் வேண்டாம்.